பூதத்தை ஓட்ட வந்த பூதங்கள்

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் கதை நிறைய வந்துவிட்டது, அது வேண்டாம். உன் துறையிலிருந்து எழுது. ஆனால் சிவில்காரனுக்கும் மெக்கானிக்கல்காரனுக்கும் புரிய வேண்டும்." என் துறை கம்ப்யூட்டர். ஆனாலும் இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. ஒரு சரித்திரம் சொல்கிறேன்.

2005-ஆம் வருடக் கடைசியில் அமெரிக்காவில் நடந்த கூத்து இது. ஒரு பெரிய இசைக் கம்பெனி, பாட்டு சி.டி.யை யாரும் காப்பி எடுக்காமல் இருக்க அதற்குள் ஒரு ஸாஃப்ட்வேரை வைத்து விற்றது. அது வாங்கியவர்களின் கம்ப்யூட்டரைக் கெடுத்தது. இந்த முதல் பாதி பலருக்குத் தெரிந்திருக்கலாம். நான் சொல்ல வருவது அதிகம் பேசப்படாத இரண்டாவது பாதி. அந்த ஸாஃப்ட்வேரை எடுத்துப் போடுவதற்கென்று கம்பெனியே கொடுத்த கருவிகள், பழைய ஓட்டையை அடைக்க வந்து புதிய ஓட்டை போட்டுவிட்டுப் போயின. ஒரு தடவை என்றால் கைத்தவறு எனலாம். நாலு வாரத்துக்குள் மூன்று தடவை நடந்தது!

பூட்டு இல்லாத பெட்டி

முதலில், பாட்டு சி.டி.க்குள் ஸாஃப்ட்வேர் எதற்கு? ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய ஆடியோ சி.டி. 1982-இல் விற்பனைக்கு வந்தது. அப்போது வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு சி.டி.யிலிருந்து இன்னொரு சி.டி.க்கு யாராவது வீட்டிலேயே பதிவு செய்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் அந்த அமைப்பில் பூட்டு என்று ஒன்று வைக்கவே இல்லை. 1990-களின் கடைசியில் சி.டி. ரைட்டர் விலை இறங்கியது, எம்.பி.3 வந்தது, இன்டர்நெட்டில் பாட்டுகள் பறந்தன. இசைக் கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

இனிமேல் பூட்டுப் போடலாம் என்றால் முடியாது. உலகம் பூராவும் இருக்கும் பழைய சி.டி. ப்ளேயர்களில் பாட்டு பாடியாக வேண்டுமே! ஆகவே வேறு வழி தேடினார்கள். சி.டி.யைப் போட்டவுடன் அதிலுள்ள ப்ரோக்ராமைத் தானே ஓட்டும் 'ஆட்டோரன்' வசதி அப்போதைய விண்டோஸில் இருந்தது. அந்த வாசல் வழியாக ஒரு காவல்காரனைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பி, "காப்பி எடுத்தால் கெடு" என்று சொல்லிவிடுவது. பூட்டை வாங்கியவரின் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள், சி.டி.யில் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற எல்லா வினையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இந்தக் காவல்காரன் எவ்வளவு நோஞ்சான் என்பதை 2003-லேயே ஒருவர் காட்டினார். ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அலெக்ஸ் ஹால்டர்மேன். சன்காம் என்ற கம்பெனியின் 'மீடியாமேக்ஸ்' பூட்டை ஆராய்ந்து, சி.டி.யைப் போடும்போது கீபோர்டில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், பூட்டு வேலை செய்யாது என்று எழுதினார். ஷிஃப்டை அழுத்தினால் ஆட்டோரன் ஓடாது, அவ்வளவுதான் ரகசியம். சன்காம் வழக்குப் போடுவேன் என்று குதித்துவிட்டு, ஊர் சிரித்ததும் பின்வாங்கியது.

வந்தவன் தெரியாமல் இருக்க வேண்டும், தெரிந்தாலும் துரத்த முடியாமல் இருக்க வேண்டும் என்ற யோசனை இதற்குப் பிறகு பலமானது.

ஒளிந்திருந்த பூதம்

சோனியும் பெர்ட்டல்ஸ்மானும் சேர்ந்து 2004-இல் தொடங்கிய சோனி பி.எம்.ஜி. கம்பெனி, தன் சி.டி.க்களில் இரண்டு வகைப் பூட்டுகளைப் பயன்படுத்தியது. ஒன்று, இங்கிலாந்தின் ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் எழுதிய எக்ஸ்.சி.பி. இன்னொன்று, மேலே சொன்ன சன்காமின் மீடியாமேக்ஸ்.

2005 அக்டோபர் 31 அன்று, விண்டோஸின் உள்விவகாரங்களில் உலகப் புகழ் பெற்ற மார்க் ருஸினோவிச் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளிந்திருக்கும் ப்ரோக்ராம்களைக் கண்டுபிடிக்கத் தானே எழுதிய கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தவர், தன் கம்ப்யூட்டரிலேயே ஒரு பூதம் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். துருவிப் போனால், கடையில் காசு கொடுத்து வாங்கிய வான் ஸான்ட் சகோதரர்களின் பாட்டு சி.டி.யில் போய் நின்றது.

இதற்குப் பெயர் ரூட்கிட். புரியும்படி சொல்கிறேன். ஒரு பெரிய லாட்ஜ். எந்த அறையில் யார் என்று தெரிய வேண்டுமானால் மேனேஜரைத்தான் கேட்க வேண்டும். போலீஸ் வந்தாலும் அவரைத்தான் கேட்கும். ரூட்கிட் செய்வது அந்த மேனேஜரையே கையில் போட்டுக்கொள்வது. "இப்படி ஒரு ஆள் தங்கியிருக்காரா?" என்று கேட்டால், "அப்படி யாரும் இல்லீங்களே" என்பார். எக்ஸ்.சி.பி.யும் இதைத்தான் செய்தது. விண்டோஸின் உள்ளே, ஃபைல் பட்டியல் கொடுக்கும் இடத்தைத் திருப்பிவிட்டு, டாலர் குறி, 'சிஸ்', மறுபடி டாலர் குறி என்று தொடங்கும் எந்தப் பெயரையும் பட்டியலிலிருந்து மறைத்தது.

'எந்தப் பெயரையும்' என்பதைக் கவனியுங்கள். தன் ஃபைல்களை மட்டும் மறைத்தால்கூடப் பரவாயில்லை. யார் வந்து அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயரை வைத்துக்கொண்டாலும் இலவசமாக மறைத்துக் கொடுத்தது. இரண்டே வாரத்துக்குள், நவம்பர் 10 அன்று, அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு ஒரு ட்ரோஜன் வெளியே வந்தது. அதற்கு முன்பே, கம்ப்யூட்டர் விளையாட்டில் திருட்டாட்டம் ஆடுபவர்கள் தங்கள் கருவிகளை மறைக்க இதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள்.

ருஸினோவிச் பூதத்தைக் கையாலேயே பிடுங்கிப் போட்டார். உடனே அவருடைய சி.டி. ட்ரைவே விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாமல் போச்சு! ட்ரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தன்னை ஒரு கண்ணியாகக் கோத்துக்கொண்டிருந்தது அது. பூதத்தை எடுத்தால் சங்கிலியே அறுந்தது. அவருக்குச் சரிசெய்யத் தெரியும். பாட்டுக் கேட்க வாங்கிய சாதாரண மனிதருக்கு?

"கழற்றித் தருகிறோம், வாருங்கள்"

கூச்சல் கிளம்பியது. முதலில் கம்பெனி அலட்சியமாக இருந்தது. அதன் பெரிய அதிகாரி ஒருவர் ரேடியோ பேட்டியில், பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு எதற்குக் கவலைப்பட வேண்டும் என்கிற தொனியில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். மறைக்கும் பகுதியை மட்டும் அகற்றும் ஒரு திருத்தத்தையும் வெளியிட்டார்கள். அது மறைப்பைப் பிரிக்கும் விதம் சரியில்லை, கம்ப்யூட்டரே நடுவில் நின்றுபோகலாம் என்று ருஸினோவிச் எச்சரித்தார். அதோடு, பூட்டு அப்படியே இருந்தது, மறைப்புதான் போனது.

முழுசாக எடுக்க வேண்டுமா? ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எந்த ஆல்பம், எந்தக் கடையில் வாங்கினீர்கள், உங்கள் ஈமெயில் என்ன? பிறகு ஈமெயிலில் ஒரு விலாசம் வரும். அந்தப் பக்கத்துக்குப் போனால் அது உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ப்ரோக்ராமை இறக்கும். மறுபடி ஒரு விண்ணப்பம். அதற்குப் பிறகுதான் உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் செல்லுபடியாகும் 'நீக்கும்' பக்கம் திறக்கும். ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவது இதைவிடச் சுலபம் என்று தோன்றுகிறதல்லவா?

அந்தச் சின்ன ப்ரோக்ராமில்தான் விஷயம். அது 'ஆக்டிவ்எக்ஸ்' வகை. அதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் குடியேறி, இணையப் பக்கங்கள் இடும் கட்டளையைச் செய்யும் ஆள். பெயர் கோட்சப்போர்ட். ஃபின்லாந்துக்காரர் மாட்டி நிக்கி இதில் சந்தேகத்துக்குரிய வசதிகள் இருப்பதை முதலில் கவனித்தார். பிறகு ப்ரின்ஸ்டன் பேராசிரியர் எட் ஃபெல்டனும் ஹால்டர்மேனும் ஆராய்ந்து, நவம்பர் 15 அன்று உண்மையை உடைத்தார்கள்.

கோட்சப்போர்ட்டிடம் ஒரு விலாசத்தைக் கொடுத்தால், அங்கிருந்து ஒரு ஃபைலை இறக்கி, பிரித்து, அதிலுள்ள ப்ரோக்ராமை ஓட்டும். கம்பெனியின் விலாசத்தைக் கொடுத்தால் பூட்டைக் கழற்றும் ப்ரோக்ராம் வரும். ஆனால் கொடுப்பது கம்பெனிதானா என்று அது கேட்கவில்லை. வந்த ப்ரோக்ராம் கம்பெனி எழுதியதுதானா என்றும் பார்க்கவில்லை. எந்த இணையப் பக்கம் கூப்பிட்டாலும் வேலை செய்யும். இன்னும் மோசம், பூட்டைக் கழற்றிய பிறகும் அது கம்ப்யூட்டரைவிட்டுப் போகாமல் அங்கேயே தங்கியது.

வீட்டில் பூட்டுக் கழற்ற வந்த ஆள், வேலை முடிந்தும் கிளம்பாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிற யார் வந்து "இந்த மூட்டையைக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் வை" என்றாலும், நீ யார், மூட்டையில் என்ன என்று கேட்காமல் கொண்டுபோய் வைக்கிறார். இதுதான் நிலைமை. முன்பாவது ரூட்கிட்டைப் பயன்படுத்த வேறொரு வைரஸ் உள்ளே வந்தாக வேண்டும். இப்போது தப்பான ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும், கம்ப்யூட்டர் அடுத்தவன் கையில்.

எனக்கு இதில் நெஞ்சு பொறுக்காத இடம் ஒன்று உண்டு. இந்த ஓட்டை யாருக்குக் கிடைத்தது? எதையும் கண்டுகொள்ளாமல் விட்டவர்களுக்கு அல்ல. செய்தி படித்து, பயந்து, படிவம் நிரப்பி, ஈமெயிலுக்குக் காத்திருந்து, பொறுப்பாகச் சரிசெய்ய முயன்றவர்களுக்கு. எச்சரிக்கையாக இருந்தவர்கள் பார்த்துத் தண்டிக்கப்பட்டார்கள்.

இரண்டாவது, மூன்றாவது

சரி, ஒரு கம்பெனி அவசரத்தில் செய்த தப்பு என்று நினைக்கலாம். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, ஹால்டர்மேன் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தார். மீடியாமேக்ஸை நீக்க சன்காம் கொடுத்த கருவியிலும் ஏறத்தாழ இதே ஓட்டை! அதுவும் ஆக்டிவ்எக்ஸ், அதுவும் கொடுத்த விலாசத்திலிருந்து ப்ரோக்ராமை இறக்கி ஓட்டும், அதுவும் வேலை முடிந்தும் தங்கும். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி, அமெரிக்காவில் ஒரு கம்பெனி, தனித்தனியே எழுதியவை. அப்படியும் ஒரே தப்பு.

மீடியாமேக்ஸின் கதை அதோடு முடியவில்லை. "ஒப்பந்தத்துக்குச் சம்மதமா?" என்று கேட்கும் முன்பே அதன் ஃபைல்கள் உள்ளே இறங்கிவிடும். "சம்மதம் இல்லை" என்றாலும் உள்ளேயே இருக்கும். அவை குடியிருந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் மாற்றம் செய்யலாம் என்று அனுமதி வைத்திருந்தார்கள். ஐசெக் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது. வராந்தாவில் மூடாமல் வைத்த குடிதண்ணீர்ப் பானை மாதிரி. குறைந்த அதிகாரம் உள்ள ஒருவன் அதில் எதையாவது கலந்து வைத்துவிட்டால், அடுத்த தடவை முழு அதிகாரம் உள்ளவர் சி.டி.யைப் போடும்போது அவர் அதிகாரத்தில் அது ஓடும்.

டிசம்பர் 6 அன்று சோனி பி.எம்.ஜி. இதை ஒப்புக்கொண்டு, அனுமதியைச் சரிசெய்ய ஒரு திருத்தம் வெளியிட்டது. மறுநாளே ஃபெல்டனும் ஹால்டர்மேனும் எழுதினார்கள்: அந்தத் திருத்தத்தை ஓட்டாதீர்கள்! ஏன்? திருத்தம் ஓடியதும், எந்த வெர்ஷன் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, அந்தத் திறந்த ஃபோல்டரில் இருக்கும் மீடியாமேக்ஸ் ஃபைலையே முதலில் ஓட்டிப் பார்த்தது. அதன் பிறகுதான் அனுமதியைச் சரிசெய்தது. பானைக்கு மூடி போட வந்தவர், முதலில் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு மூடினார்! எவனாவது கலந்து வைத்திருந்தால், திருத்தம் ஓடும்போதே வேலை முடிந்தது. பிறகு அந்தத் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் வந்தது.

முடிவு

நவம்பர் நடுவிலேயே சோனி பி.எம்.ஜி. எக்ஸ்.சி.பி. சி.டி.க்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 52 ஆல்பங்கள், சுமார் 47 லட்சம் சி.டி.க்கள் தயாராகி, அவற்றில் சுமார் 21 லட்சம் விற்றுப்போயிருந்தன. நெட்வொர்க் நிபுணர் டான் காமின்ஸ்கி, இந்த ஸாஃப்ட்வேர் வெளியே பேசிய தடயம் 5 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் அதிகமான நேம் சர்வர்களில் இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். மைக்ரோஸாஃப்ட், டிசம்பர் மாதத் திருத்தத்தில் கோட்சப்போர்ட்டை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இயங்கவிடாமல் தடை செய்தது. வேறொரு கம்பெனியின் நீக்கும் கருவியை விண்டோஸ் செயலிழக்கச் செய்ய வேண்டி வந்தது என்றால் பாருங்கள்!

நவம்பர் 21 அன்று டெக்ஸாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. தொடர்ந்து பல வழக்குகள், சமரசங்கள். 2007 ஜனவரியில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் ஏற்பட்ட சமரசத்தின்படி, கம்ப்யூட்டர் பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்க வேண்டும், சம்மதம் இல்லாமல் எதையும் நிறுவக் கூடாது, நீக்குவதற்கு நியாயமான வழி தர வேண்டும் என்றாயிற்று.

இன்னொரு விஷயமும் பதிவாக வேண்டும். செய்தி வெடிப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே ப்ரின்ஸ்டன்காரர்களுக்கு எக்ஸ்.சி.பி.யின் ஆபத்து தெரிந்திருந்தது. ஆனால் காப்பித் தடையை ஆராய்வதே குற்றமாகலாம் என்கிற 1998-ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து, வக்கீல்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மாதமும் சி.டி.க்கள் விற்றுக்கொண்டே இருந்தன. 2006 நவம்பரில்தான் சி.டி. பூட்டுகளைப் பாதுகாப்புக்காக ஆராய்வதற்குச் சட்டத்தில் விலக்குக் கிடைத்தது.

ஏன் மூன்று தடவை?

முட்டாள்கள் எழுதிய ப்ரோக்ராம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசில்லை. விண்டோஸின் அடிவயிற்றுக்குள் போய் ஃபைல் பட்டியலையே திருப்பிவிடத் தெரிந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. என் அபிப்பிராயம் இது: நீக்கும் கருவியை ஒரு சாதாரண ஃபைலாகக் கொடுத்திருந்தால் இந்த ஓட்டைக்கு இடமே இல்லை. இறக்கு, ஓட்டு, தூக்கிப் போடு. ஆனால் அப்படிக் கொடுத்தால் ஒருவர் வாங்கி ஊருக்கெல்லாம் கொடுப்பார், எல்லோரும் பூட்டைக் கழற்றுவார்கள். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் படிவம், ஈமெயில், ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு சாவி, தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் ஆக்டிவ்எக்ஸ். பூட்டைக் கழற்றும்போதும் கடிவாளத்தை விடக் கூடாது என்ற ஆசை. தூரத்திலிருந்து கட்டளையிட ஒரு வாசல் வைத்தால், அந்த வாசலுக்குக் காவல் வேண்டும். காவல் வைக்க மறந்தார்கள். வீட்டுக்காரருக்கு நம்பிக் கொடுக்காத அதிகாரத்தை, தெருவில் போகிறவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் சில காலம் இன்ஸ்டாலர் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கே கண்டது, அன்இன்ஸ்டாலர் என்றால் யாருக்கும் உற்சாகம் கிடையாது. அதை விற்க முடியாது, டெமோவில் காட்ட முடியாது. விட்டுப் போகிற வாடிக்கையாளருக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற எண்ணம். கடைசி வாரத்தில், புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழும். சிவில் நண்பர்களைக் கேட்டால், ஒரு கட்டிடத்தை இடிப்பதற்கும் வரைபடம் வேண்டும், சில சமயம் கட்டுவதைவிட இடிப்பதில் ஆபத்து அதிகம் என்பார்கள். எங்கள் துறையில் அந்த மரியாதை இன்னும் முழுசாக வரவில்லை.

நம் கல்லூரியில் படித்த எத்தனையோ பேர் இன்று உலகம் பூராவும் அடுத்தவர் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் போய் உட்காரும் ஸாஃப்ட்வேரை எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிலீஸுக்கு முந்தைய மீட்டிங்கில் நாலு கேள்வி கேளுங்கள். இதை வேண்டாம் என்பவர் எப்படி எடுப்பார்? எடுத்த பிறகு என்ன மிச்சம் இருக்கும்? எடுக்கும் கருவி யார் சொன்னாலும் கேட்குமா? அதை யாராவது சோதித்தார்களா? நாலுக்கும் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மேலதிகாரி முறைப்பார், பரவாயில்லை. 2005-இல் யாராவது ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், சோனி பி.எம்.ஜி.யும் அதை நம்பிச் சி.டி. வாங்கியவர்களும் இவ்வளவு பட்டிருக்க வேண்டாம்.

என் கருத்தோடு சண்டை போட நினைப்பவர்களைச் சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் எதிர்பார்க்கிறேன்.